எட்டு மாதப் பிரச்சாரமும் அலுத்துப்போன வாக்காளரும்: அமெரிக்க அதிபர் தேர்தலில் சலிப்பு எதைக் கெடுக்கிறது?

2024 மார்ச் 12 அன்று இரவு அமெரிக்க ஊடகங்கள் அடுத்தடுத்து இரண்டு அறிவிப்புகளை வெளியிட்டன. ஜனநாயகக் கட்சியில் ஜோ பைடனும் குடியரசுக் கட்சியில் டொனால்ட் டிரம்பும் வேட்பாளராகத் தேவையான பிரதிநிதிகளின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். பொதுத் தேர்தல் பிரச்சாரம் தொடங்கிவிட்டதாக மறுநாள் செய்திகள் வந்தன. வாக்குப்பதிவு நவம்பர் 5. நடுவில் 238 நாட்கள்.

இதைப் படித்த பலருக்கும் தலை சுற்றியிருக்கும். டிரம்ப் தான் போட்டியிடுவதாக அறிவித்தது 2022 நவம்பர் 15 அன்று. பைடன் அறிவித்தது 2023 ஏப்ரல் 25 அன்று. அப்படியானால் அதுவரை நடந்த கூட்டங்களுக்கும் விளம்பரங்களுக்கும் என்ன பெயர்? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 'தொடங்கிய' அடுத்த மாதமே பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக்கணிப்பில், தேர்தல் செய்திகளைப் பார்த்துப் பார்த்து ஏற்கெனவே சோர்ந்துவிட்டதாக 62 சதவீதம் பேர் சொன்னார்கள். இந்தச் சோர்வைத்தான் 'வாக்காளர் சலிப்பு' என்று எழுதுகிறார்கள். அலுத்துப்போனவர் வாக்குச்சாவடிக்கு வரமாட்டார் என்ற ஊகமும் அதோடு சேர்ந்தே வருகிறது.

அந்த ஊகம் பெரும்பாலும் தவறு. சலிப்பு உண்மைதான், ஆனால் அது சேதம் செய்யும் இடம் வேறு. அதற்கு முன் அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

எது எங்கே தொடங்குகிறது

அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது நான்கு கட்டங்களில் நடக்கிறது.

1. உட்கட்சித் தேர்தல். ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்பதை மாகாணம் மாகாணமாக வாக்கெடுத்து முடிவு செய்கிறது. பெரும்பாலான இடங்களில் இது 'பிரைமரி' என்ற சாதாரண வாக்குப்பதிவு. அயோவா போன்ற சில இடங்களில் 'காகஸ்' என்ற ஊர்க்கூட்டம். இங்கே கிடைக்கும் வாக்குகளுக்கு ஏற்பப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். 2024-இல் குடியரசுக் கட்சியில் மொத்தம் 2,429 பிரதிநிதிகள். 1,215 பேர் கையில் இருந்தால் போதும்.

2. தேசிய மாநாடு. பிரதிநிதிகள் கூடி வேட்பாளரை முறைப்படி அறிவிப்பார்கள். 2024-இல் குடியரசுக் கட்சி ஜூலையில் மில்வாக்கியிலும், ஜனநாயகக் கட்சி ஆகஸ்டில் சிகாகோவிலும் கூடின.

3. பொதுத் தேர்தல். இரு கட்சி வேட்பாளர்களும் மற்றவர்களும் நேருக்கு நேர் மோதுவது. நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை என்று 1845-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

4. எலக்டோரல் காலேஜ். மாகாணங்களின் சார்பில் அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் குழு இது. மொத்தம் 538 தேர்வாளர்கள். 270 பேரைப் பெறுபவர் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாகாணங்களில் முதலிடம் பிடித்தவருக்கே அந்த மாகாணத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முறைப்படி பார்த்தால் மாநாட்டுக்குப் பிறகுதான் பொதுத் தேர்தல் பிரச்சாரம். நடைமுறையில், எதிராளி யார் என்று உறுதியான நாளே தொடக்கம். அன்றிலிருந்து வேட்பாளரின் வேலை மாறுகிறது. சொந்தக் கட்சிக்காரர்களைக் கவரும் பேச்சு குறைந்து, எதிர்க்கட்சி வேட்பாளரைத் தாக்கும் பேச்சு கூடும். கட்சியின் தேசியக் குழு முழுவதும் வேட்பாளர் வசம் வந்துவிடும். குழுவும் வேட்பாளரும் சேர்ந்து நிதி திரட்டுவார்கள். 2024 மார்ச் மாதத்திலேயே டிரம்பின் மருமகள் லாரா டிரம்ப் குடியரசுக் கட்சித் தேசியக் குழுவின் இணைத் தலைவரானார். அதே மாதம் பைடன், முன்னாள் அதிபர்கள் ஒபாமா, பில் கிளிண்டன் மூவரும் நியூயார்க்கில் ஒரே மேடையில் அமர்ந்து ஒரே இரவில் இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். தொடக்கம் என்றால் நடைமுறையில் இதுதான்.

ஏன் இவ்வளவு நீளம்

மற்ற நாடுகளைப் பார்த்தால் இது விசித்திரமாகத்தான் இருக்கும். பிரிட்டனில் 2024 மே 22 அன்று ரிஷி சுனக் தேர்தலை அறிவித்தார். ஜூலை 4 அன்று வாக்குப்பதிவே முடிந்துவிட்டது. கனடாவில் கூட்டாட்சித் தேர்தல் பிரச்சாரம் 50 நாட்களைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஜப்பானில் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலுக்கு அதிகாரபூர்வப் பிரச்சாரம் 12 நாள்.

அமெரிக்காவும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜான் கென்னடி தன் போட்டியை அறிவித்தது 1960 ஜனவரி 2 அன்று, அதாவது தேர்தல் நடந்த அதே ஆண்டில். அப்போது வேட்பாளரை முடிவு செய்வதில் கட்சிப் பெரும்புள்ளிகளின் கைதான் ஓங்கியிருந்தது. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். வியட்நாம் போர் எதிர்ப்பால் கொதித்துக்கிடந்த சிகாகோ மாநாட்டில் அது பெரிய சண்டையாக வெடித்தது. அதற்குப் பிறகுதான் விதிகளை மாற்றி, 1972 முதல் சாதாரண வாக்காளர்களிடம் முடிவை ஒப்படைத்தார்கள்.

மாற்றம் நல்லதுதான். ஆனால் சில நூறு தலைவர்களைச் சம்மதிக்கவைத்தால் போதும் என்றிருந்த வேலை, ஐம்பது மாகாணங்களில் கோடிக்கணக்கானவர்களிடம் முகம் காட்டும் வேலையாக மாறிவிட்டது. ஜார்ஜியாவுக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஜிம்மி கார்ட்டர் இதை முதலில் புரிந்துகொண்டார். 1974 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டு அயோவாவில் ஊர் ஊராக அலைந்தார். 1976 ஜனவரியில் அயோவாவில் 'வென்றவர்' என்று பெயர் எடுத்தார். உண்மையில் அங்கே முதலிடம் 'யாருக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை' என்ற பிரிவுக்கு, கார்ட்டர் இரண்டாவது. பத்திரிகைகள் கவலைப்படவில்லை. அவர் அதிபரானதும், சீக்கிரம் கிளம்பியவருக்கே ஆதாயம் என்ற பாடத்தை எல்லோரும் படித்துக்கொண்டார்கள்.

பணமும் சேர்ந்துகொண்டது. தேர்தல் செலவுக்கு உச்சவரம்பு விதிப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு தரும் நிதியை வாங்கிக்கொண்டால் மட்டும் வரம்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற ஏற்பாடு கொஞ்ச காலம் ஓடியது. 2008-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் அந்த 8.4 கோடி டாலரை வாங்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். ஒபாமா வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதைவிடப் பல மடங்கு திரட்டினார். அதோடு அந்த ஏற்பாட்டுக்கு ஆயுள் முடிந்தது. 2010-இல் வந்த இன்னொரு தீர்ப்பு நிறுவனங்களும் சங்கங்களும் தனியாகச் செலவழிக்கக் கதவைத் திறந்துவிட்டது. இப்படிப்பட்ட அளவுக்குப் பணம் திரட்ட எட்டு மாதம்கூடப் போதாது என்றுதான் எந்த வேட்பாளரும் சொல்வார்.

நீளத்தைக் குறைக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை. சட்டம் தடுக்கவில்லை. தொலைக்காட்சிகளுக்கு விளம்பர வருமானம், ஆலோசகர்களுக்குச் சம்பளம், செய்தி நிறுவனங்களுக்குத் தினம் ஒரு தலைப்பு. வாக்காளர் ஒருவருக்குத்தான் இதில் எதுவும் கிடைப்பதில்லை.

சலிப்பு ஒன்றல்ல, மூன்று

'வாக்காளர் சலிப்பு' என்று ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறார்கள்.

1. செய்தியின் மீதான சலிப்பு. தினமும் கருத்துக்கணிப்பு, தினமும் கைபேசியில் நன்கொடை கேட்கும் குறுஞ்செய்தி, யூடியூபைத் திறந்தால் விளம்பரம். பியூ சொன்ன 62 சதவீதம் இந்த வகை. இது புதிதல்ல. 2016 கோடையிலேயே 59 சதவீதம் பேர் இதே சோர்வைச் சொன்னார்கள்.

2. வேட்பாளர்கள் மீதான சலிப்பு. 2024 மார்ச்சில் உறுதியானது பழைய போட்டியின் மறுபதிப்பு. இரு பெரிய கட்சிகளும் முந்தைய தேர்தலின் அதே இரண்டு பேரை மறுபடி நிறுத்தியது அதற்கு முன் 1956-இல்தான், ஐசன்ஹோவருக்கும் ஸ்டீவன்சனுக்கும் இடையே. 2024-இல் நான்கில் ஒருவருக்கு பைடனையும் பிடிக்கவில்லை, டிரம்பையும் பிடிக்கவில்லை. இந்தச் சலிப்பு வாக்குச்சீட்டிலேயே தெரிந்தது. பிப்ரவரியில் மிச்சிகன் பிரைமரியில், காசா போரில் பைடனின் நிலைப்பாட்டை எதிர்த்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனநாயகக் கட்சியினர் 'யாருக்கும் இல்லை' என்ற கட்டத்தில் முத்திரையிட்டார்கள். குடியரசுக் கட்சியில் நிக்கி ஹேலி மார்ச் 6 அன்றே விலகிவிட்டார். ஏப்ரல் 23 அன்று பென்சில்வேனியாவில், போட்டியிலேயே இல்லாத அவருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. முடிவு தெரிந்த தேர்தலுக்கு வேலை மெனக்கெட்டு வந்து, விலகியவருக்கு வாக்களித்துப் போகிறவரைச் சோர்ந்தவர் என்று எப்படிச் சொல்வது?

3. தேர்தல்களின் எண்ணிக்கை தரும் சலிப்பு. அமெரிக்கர் ஒருவர் அதிபர், செனட்டர் (மேலவை உறுப்பினர்), கீழவை உறுப்பினர் ஆகியோரைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஆளுநர், மாகாண சட்டமன்றம், ஷெரிப் என்ற உள்ளூர்க் காவல் தலைவர், பல இடங்களில் நீதிபதி, பள்ளி நிர்வாகக் குழு, நகராட்சி என்று பட்டியல் நீளும். நாடு முழுக்கத் தேர்தல் மூலம் நிரப்பப்படும் பதவிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். இவற்றில் பலவற்றுக்குப் பிரைமரி உண்டு, சில இடங்களில் மறுவாக்குப்பதிவு உண்டு, நடுவில் இடைத்தேர்தல் உண்டு. பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, பல மாகாணங்களில் விடுமுறையும் கிடையாது.

இந்த மூன்றில் பத்திரிகைகள் அதிகம் பேசுவது முதலாவதை. ஆளைக் குறைப்பது மூன்றாவது.

சலித்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்களா?

எண்களைப் பார்ப்போம். 1996-இல் கிளிண்டன் சுலபமாக வெல்வார் என்று எல்லோருக்கும் தெரியும். நாட்டில் பெரிய பதற்றம் இல்லை, விளம்பர மழையும் இன்றைய அளவுக்கு இல்லை. தகுதியுள்ள வாக்காளர்களில் பாதியை ஒட்டித்தான் வாக்களித்தார்கள். எல்லோரும் சோர்ந்துவிட்டதாகச் சொன்ன 2016-இல் சுமார் 60 சதவீதம். கொள்ளைநோய்க்கு நடுவே, அதைவிடக் கசப்பான பிரச்சாரம் நடந்த 2020-இல் சுமார் 66 சதவீதம். 1900-க்குப் பிறகு அதுவே மிக அதிகம். 62 சதவீதம் பேர் ஏப்ரலிலேயே களைத்துவிட்ட 2024-இல் சுமார் 64 சதவீதம்.

இரண்டு புள்ளி குறைந்ததே, அது சலிப்பால்தானே என்று கேட்கலாம். சரி, மாகாண வாரியாகப் பிரித்துப் பார்ப்போம். 2024-இல் முடிவைத் தீர்மானிக்கும் 'ஊசலாடும் மாகாணங்கள்' என்று ஏழு மாகாணங்களைச் சொன்னார்கள்: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, அரிசோனா, நெவாடா, வட கரோலினா. விளம்பரம், வீடு தேடி வரும் தொண்டர்கள், வேட்பாளர் வருகை எல்லாம் இங்கேதான் குவிந்தன. நாட்டிலேயே அதிகம் அலுத்திருக்க வேண்டியவர்கள் இந்த மக்கள். ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, நெவாடா, பென்சில்வேனியா ஆகியவற்றில் பதிவான மொத்த வாக்குகள் 2020-ஐ விடக் கூடின. அரிசோனாவில் ஏறத்தாழ அதே அளவு.

கலிபோர்னியாவுக்கு வாருங்கள். ஜனநாயகக் கட்சிக்குத்தான் என்று எப்போதோ முடிவான மாகாணம் என்பதால் அதிபர் தேர்தல் விளம்பரத்துக்கு அங்கே யாரும் பெரிதாகச் செலவழிப்பதில்லை. தொந்தரவு குறைவு. 2020-இல் அங்கே சுமார் 1.75 கோடி வாக்குகள் பதிவாயின. 2024-இல் சுமார் 1.59 கோடி.

முதலில் நினைவில் வைக்கச் சொன்ன விதி இங்கேதான் வேலை செய்கிறது. முதலிடம் பிடித்தவருக்கே எல்லாம் என்பதால் லாஸ் ஏஞ்சலஸ்காரரின் வாக்கு அதிபரை மாற்றப்போவதில்லை. பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க்காரரின் வாக்கு மாற்றலாம். காது புளிக்கப் புளிக்கக் கேட்ட பிட்ஸ்பர்க்காரர் வந்து வாக்களித்தார்.

ஜார்ஜியா இதைவிடத் தெளிவான சான்று. அங்கே செனட் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கு இடையே மறுவாக்குப்பதிவு. 2008 நவம்பரில் சுமார் 37 லட்சம் பேர் செனட்டுக்கு வாக்களித்தார்கள். டிசம்பர் மறுவாக்குப்பதிவுக்கு வந்தவர்கள் சுமார் 21 லட்சம். இதைச் சலிப்பு என்று சொல்வதில் தவறில்லை. 2020 நவம்பரில் சுமார் 50 லட்சம் பேர் வாக்களித்தார்கள். கிறிஸ்துமஸ் முழுக்கப் பிரச்சாரம் ஓடி, 2021 ஜனவரி 5 அன்று நடந்த மறுவாக்குப்பதிவில் வந்தவர்கள் சுமார் 45 லட்சம். அதே மாகாணம், அதே விதி. இரண்டாவது முறை களைப்பு நிச்சயம் அதிகம். ஆனால் செனட் யார் கைக்குப் போகும் என்பதே அன்று தேர்தல் நடந்த ஜார்ஜியாவின் இரண்டு இடங்களை நம்பியிருந்தது.

அமெரிக்காவுக்கு வெளியேயும் இப்படித்தான். இஸ்ரேலில் 2019 ஏப்ரலுக்கும் 2022 நவம்பருக்கும் இடையே ஐந்து நாடாளுமன்றத் தேர்தல்கள் நடந்தன. முதல் தேர்தலில் 68.5 சதவீதம், ஐந்தாவதில் 70.6 சதவீதம். பல்கேரியாவில் 2021 ஏப்ரல் முதல் 2024 ஜூன் வரை ஆறு தேர்தல்கள். முதலாவதில் பாதிப் பேர் வந்தார்கள், ஆறாவதில் மூன்றில் ஒரு பங்கு. நெதன்யாகு வேண்டுமா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்வி இஸ்ரேலியர்களை ஒவ்வொரு முறையும் இழுத்து வந்தது. பல்கேரியாவில் யார் வந்தாலும் ஆட்சி நிலைக்காது என்று மக்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

மறுபதிப்பு கலைந்தபோது

2024 ஜூலை 21 அன்று பைடன் விலகினார். கமலா ஹாரிஸ் களமிறங்கிய முதல் 24 மணி நேரத்தில் 8.1 கோடி டாலரும், ஒரு வாரத்தில் 20 கோடியும் திரண்டதாக அவரது பிரச்சாரக் குழு அறிவித்தது. தமிழ்நாட்டு ஊடகங்கள்கூட, அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துக்குக் கேமராவோடு கிளம்பின. நான்கு மாதமாக அரசியலே வேண்டாம் என்று இருந்த மக்கள் திடீரென்று எப்படி விழித்தார்கள்? அவர்களுக்கு அலுத்திருந்தது அரசியல் அல்ல, அந்த இரண்டு பெயர்கள். விவாத நிகழ்ச்சிகளின் பார்வையாளர் எண்ணிக்கையும் இதையே காட்டுகிறது. 2016-இன் முதல் விவாதத்தை 8.4 கோடி பேர் பார்த்தார்கள். 2020-இன் முதல் விவாதத்தை 7.3 கோடி. 2024 ஜூன் 27 அன்று பைடனும் டிரம்பும் மோதியதை 5.1 கோடி. செப்டம்பர் 10 அன்று ஹாரிஸும் டிரம்பும் மோதியதை 6.7 கோடி.

உற்சாகம் வெற்றியாகவில்லை என்பது தனிக் கதை. டிரம்ப் 312 தேர்வாளர்களைப் பெற்றார், ஹாரிஸ் 226.

அப்படியானால் சேதம் எங்கே?

முதலாவது, யாருக்கு என்ன தெரிகிறது என்பதில். சலித்தவர் வாக்களிப்பதை நிறுத்துவதில்லை, செய்தி பார்ப்பதை நிறுத்துகிறார். வாக்கை மட்டும் வைத்துக்கொண்டு தகவலைக் கைவிட்ட ஒரு பெரிய கூட்டம் உருவாகிறது. பைடன் களத்தில் இருந்தபோது, அரசியல் செய்திகளைப் பின்தொடராதவர்களிடம் டிரம்ப் தெளிவான முன்னிலை பெற்றிருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் கூறின. செய்தித்தாள் படிப்பவர்களிடம் நிலைமை நேர்மாறு. அதனால்தான் அக்டோபரில் டிரம்ப் நகைச்சுவையாளர் ஜோ ரோகனின் பாட்காஸ்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். ஹாரிஸும் இளம்பெண்கள் கேட்கும் பாட்காஸ்டுக்குப் போனார். செய்தியாளர் குறுக்குக்கேள்வி கேட்கும் இடத்தை விட்டு, நட்போடு அரட்டை அடிக்கும் இடத்துக்குப் பிரச்சாரம் நகர்ந்ததற்குச் சலிப்பு ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, சலிப்புக்குப் பிரச்சாரக்காரர்கள் கொடுக்கும் மருந்து கூடுதல் பயம். சாதாரண விளம்பரத்தைத் தாண்டிப் போகிறவரை நிறுத்த, 'இதுவே கடைசித் தேர்தல்' என்கிற தொனி தேவைப்படுகிறது. அது இன்னும் சலிப்பைத் தருகிறது. இதிலிருந்து தப்ப வாக்காளருக்கு ஒரு வழி உண்டு: முன்கூட்டியே வாக்களிப்பது. யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம். வாக்களித்துவிட்டார் என்பது ரகசியமல்ல. பல மாகாணங்களில் அந்தப் பட்டியல் கட்சிகளுக்கு உடனுக்குடன் கிடைக்கும். பெயர் ஏறியதும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் நின்றுவிடும்.

மூன்றாவதுதான் பெரிய சேதம். எட்டு மாதம் அதிபர் தேர்தலே கவனத்தை எல்லாம் தின்றுவிட, மற்ற தேர்தல்களுக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. 2014-இல் நடந்த இடைக்காலத் தேர்தலில், அதாவது அதிபர் பதவி இல்லாமல் நாடாளுமன்றத்துக்கு மட்டும் நடக்கும் தேர்தலில், தகுதியுள்ளவர்களில் சுமார் 37 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். நகராட்சித் தேர்தல்களில் நிலைமை இன்னும் மோசம். 2013-இல் லாஸ் ஏஞ்சலஸ் மேயரைத் தேர்ந்தெடுக்கும் இறுதிச் சுற்றில், பதிவுசெய்த வாக்காளர்களில் நான்கில் ஒருவர்கூட வரவில்லை. சுமார் 2.2 லட்சம் வாக்குகளோடு எரிக் கார்செட்டி மேயரானார். பின்னாளில் இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதராக வந்தாரே, அவரேதான். குப்பை, குடிநீர், காவல்துறை என்று அன்றாட வாழ்க்கையைத் தொடும் பதவி அது.

இதற்கு அந்த நகரம் ஒரு வழி கண்டது. பிரச்சாரத்தைச் சுருக்க நீதிமன்றம் விடாது, ஆனால் தேர்தல் தேதிகளைச் சேர்க்கலாம். 2015-இல் வாக்காளர்களே ஒப்புதல் தந்து, நகரத் தேர்தலை மாகாண, தேசியத் தேர்தல் நடக்கும் நாட்களுக்கு மாற்றினார்கள். 2022-இல் புதிய தேதியில் முதல் மேயர் தேர்தல் நடந்தது. கேரன் பாஸ் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றார். விலையும் இல்லாமல் இல்லை. வாக்குச்சீட்டு இன்னும் நீண்டுவிட்டது. மேலே இருக்கும் பெரிய பெயர்களுக்கு முத்திரையிட்டுவிட்டு, கீழே இருக்கும் நீதிபதி, கல்லூரி வாரியம் போன்ற கட்டங்களை வெற்றாக விட்டுப் போகிறவர்கள் இப்போதும் நிறைய இருக்கிறார்கள்.